தானாக வாசிக்கும் பியானோவும் அரை விநாடிக் கணக்கும்

தானியங்கி பியானோவில் கட்டைகள் ஆள் இல்லாமலே அமுங்கி எழும். ஒவ்வொரு கட்டையின் பின்பக்கத்திலும் ஒரு சோலினாய்டு இருக்கிறது. செப்புக் கம்பிச் சுருள், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு தண்டு, அவ்வளவுதான் அது. மின்சாரம் பாய்ந்ததும் தண்டு கட்டையின் பின்முனையை மேலே தள்ளும். முன்முனை அமுங்கும். சுத்தி எழும்பித் தந்தியை அடிக்கும். 88 கட்டைக்கு 88 சுருள், கால்மிதிகளுக்குத் தனி. இவற்றோடு கட்டையின் அசைவை ஒளியால் அளக்கும் உணரிகளும் உண்டு. ஆகவே இந்தக் கருவிக்கு இரண்டு வேலை: வாசிப்பவரின் விரலைக் கணினிக்குச் சொல்வது ஒன்று, கணினி சொல்வதைத் தானே வாசிப்பது இன்னொன்று. யமஹாவின் டிஸ்க்ளேவியர், இருக்கிற பியானோவிலேயே பொருத்தும் பியானோடிஸ்க், கியூஆர்எஸ் நிறுவனத்தின் பிஎன்ஓமேஷன் ஆகியவை இந்த வகை. இங்கே டிஸ்க்ளேவியரை முன்வைத்தே பேசப்படுகிறது. கணினிக்கு அனுப்பும் பாதியில் சொல்லப்படுபவை யுஎஸ்பி வாய் உள்ள எந்த டிஜிட்டல் பியானோவுக்கும் பொருந்தும்.

பட்டு நெசவு ஊரான ஆரணியில் இந்த இயந்திரத்தின் மூத்த உறவு வீட்டுக்கு வீடு தறிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் கரையும் புட்டாவும் முந்தானையும் ஜக்கார்டு பெட்டியிலிருந்து வருபவை. ஊருக்குள்ளும், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு போன்ற சுற்றுக் கிராமங்களிலும் குழித்தறிக்கு மேலே மரச்சட்டத்தில் அது ஏறி நிற்கும். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் கோத்த மாலை தொங்கும். பெரும்பாலும் 240 கொக்கிப் பெட்டி. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அந்த ஊசிக்குரிய கொக்கி, மிதித்தால் மேலேறும் ‘கத்தி’ என்ற பட்டையில் மாட்டிப் பாவு இழையை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடுவதால் கொக்கி கத்தியை விட்டு விலகி, இழை கீழேயே கிடக்கும். ஓர் அட்டை, ஓர் ஊடை. இந்தக் கணக்கில் பியானோ என்பது 88 கொக்கியும் மூன்று மிதியும் கொண்ட சின்னப் பெட்டி.

இது உவமைக்காகச் சொல்வதல்ல, வரலாறே அப்படித்தான். பிரான்சின் பட்டு நகரமான லியோனில் பசில் பூஷோன் 1725இல் துளையிட்ட காகிதச் சுருளால் தறியை ஆட்டுவித்தார். ஜோசப் மரி ஜக்கார் 1804 வாக்கில் பெட்டிக்கு இன்றைய வடிவம் கொடுத்தார். அதே லியோனைச் சேர்ந்த க்ளோத் செய்த்ர் 1842இல் துளை அட்டையால் இசைக்கருவியை இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சென்னை அண்ணா சாலையில் இன்றும் பியானோ விற்கும் மியூசி மியூசிக்கல் கடையும் அந்த 1842இல் தொடங்கியதுதான். 1890களில் அமெரிக்காவில் எட்வின் வோட்டி உருவாக்கிய பியானோலா, காகிதச் சுருளும் காற்றுத் துருத்தியும் கொண்டு கட்டைகளை அமுக்கியது. 1908இல் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள் 88 சுரத்துக்கான சுருளுக்குப் பொது அளவு வகுத்தார்கள். அகலம் பதினொன்றே கால் அங்குலம், அங்குலத்துக்கு ஒன்பது துளை.

தறிக்கும் பியானோவுக்கும் உறவு முறிகிற இடமும் இங்கேதான். தறியில் காலம் நெசவாளியின் காலில் இருக்கிறது. மிதியை அழுத்தினால் கத்தி ஏறும், விட்டால் அட்டை மாலை ஏறிய உருளை திரும்பி அடுத்த அட்டை ஊசிகளுக்கு எதிரே வந்து நிற்கும். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, தண்ணீர் குடித்து, வாசலில் யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்து மிதித்தாலும் பூ கெடாது. பியானோச் சுருள் அப்படிக் காத்திருக்காது. 70 என்று வேகம் குறித்த சுருள் நிமிடத்துக்கு ஏழு அடி ஓடும். விநாடிக்கு ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் சுரம் 28 மில்லி விநாடி பிந்தும். மெலிந்த வித்தியாசம்தான், ஆனால் தேர்ந்த காதுக்கு அது தட்டும். கணினிக் காலத்தில் ‘லேட்டன்சி’ என்று பெயர் பெற்ற தொல்லை காகிதத்திலேயே பிறந்துவிட்டது.

இணைப்புக்கு வருவோம். பியானோவின் அடியில் மறைந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரண்டு வகை வாய்கள் இருக்கும். ஒன்று ‘யுஎஸ்பி டு ஹோஸ்ட்’. பிரிண்டரில் செருகும் சதுர முனைக் கேபிளே இதற்குப் போதும். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். மற்றொன்று வட்டமான ஐந்து முள் மிடி வாய்கள்: ‘இன்’, ‘அவுட்’. இந்த மிடி நெறிமுறை 1983இல் வந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ ககேஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று, வேறு வேறு கம்பெனிகளின் கருவிகள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி செய்தார்கள். மிடியில் ஒலி போகாது. எந்தக் கட்டை, எவ்வளவு விசையாக, எப்போது என்பது மட்டும் போகும். அட்டையில் பட்டு இல்லாதது போலத்தான்.

வட்ட வாயில் ஒரு கணக்கு இருக்கிறது. விநாடிக்கு 31,250 பிட் என்பது அதன் வேகம். ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்தி மூன்று பைட், கம்பியில் 30 பிட், ஆக ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. பத்து விரலையும் ஒரே நேரத்தில் வைத்தால் பத்தாவது சுரம் முதல் சுரத்துக்கு ஒன்பது மில்லி விநாடி பின்னால் வரும். முதல் பைட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் விடும் சுருக்க முறையில் இது ஆறாகக் குறையும். மிடியை மெதுவானது என்று வைபவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். நடைமுறையில் யாருடைய பத்து விரலும் ஆறு மில்லி விநாடிக்குள் ஒன்றாக விழுவதில்லை. யுஎஸ்பி இதைவிட வேகமானது, அதன் துடிப்பு ஒரு மில்லி விநாடிக்கு ஒரு தரம். எனவே கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆனாலும் வட்ட வாய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் வாங்கும் முனையில் ஆப்டோ-ஐசோலேட்டர் என்ற சில்லு இருக்கும். செய்தி ஒளியாக மாறித் தாவுவதால் இரு கருவிகளுக்கும் இடையே மின் தொடர்பு இருக்காது. யுஎஸ்பி அப்படியல்ல. லேப்டாப் சார்ஜரின் கசிவு பியானோவுக்கும் ஸ்பீக்கருக்கும் சுற்றி வந்து ‘ம்ம்ம்’ என்று இரையும். சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் இந்த இரைச்சல் இன்னும் கூடும். அப்போது ஐந்து முள் கேபிளுக்கு மாறினால் போதும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி-மிடி கேபிள்களில் சில அந்தச் சில்லே இல்லாமல் வருகின்றன. இன்னொரு குழப்பம், அந்தக் கேபிள்களின் முனையில் ‘இன்’ என்று அச்சிட்டிருப்பது பியானோவின் இன்-னில் செருகவா, அவுட்-டில் செருகவா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றும் வரவில்லையென்றால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்ப்பது முதல் வைத்தியம்.

விண்டோஸில் சில மாடல்களுக்குத் தயாரிப்பாளரின் டிரைவரை முதலில் நிறுவ வேண்டும். மேக்கில் பெரும்பாலும் வேண்டாம். விண்டோஸின் பழைய மிடி அமைப்பில் ஒரு வாயை ஒரு மென்பொருள் திறந்து வைத்திருந்தால் மற்றொன்றுக்கு அது கிடைக்காது. கேபிள் கெட்டுப்போனதாக நினைத்துப் புதிது வாங்கியவர்களுக்குப் பின்னணியில் திறந்து கிடந்த இன்னொரு மென்பொருள்தான் காரணமாக இருந்திருக்கும். பதிவு மென்பொருளில் பியானோவுக்கு ஒரு ட்ராக் திறந்து, அதன் வெளியீட்டைப் பியானோவின் பெயருக்கும் பெரும்பாலும் 1ஆம் சேனலுக்கும் வைத்ததும் கட்டைகள் அசையத் தொடங்கும். மற்ற சேனல்கள் பியானோவுக்குள் இருக்கும் மின்னொலிப் பகுதிக்குப் போகும். எல்லாச் சேனலையும் கட்டைக்கே விட்டால் தபேலாவுக்கு எழுதிய தாளமும் பியானோவில் விழுந்து ஒரு கலவரம் நடக்கும்.

கட்டைகள் அசைந்தன, ஆனால் அரை விநாடி கழித்து. முதல் முறை இணைப்பவர் திகைப்பது இந்த இடத்தில்தான். ‘ப்ளே’ அழுத்துகிறார். ஸ்பீக்கரில் மெட்ரோனோம் ‘டிக்’ என்கிறது. பியானோ சும்மா இருக்கிறது. பிறகு எதுவும் நடவாதது போல நிதானமாகத் தொடங்குகிறது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் வேடிக்கை இன்னும் கூடும். அரை விநாடி என்பது அப்போது சரியாக ஓர் அடி. பியானோ ஒவ்வொரு சுரத்தையும் அடுத்த அடியின் மேல் கச்சிதமாக வைக்கும். தாளம் தப்பவில்லை, ஆனால் பாட்டு ஒட்டவில்லை. எங்கே பிழை என்று தேடி, பாடகரைக் கோபித்துக்கொள்ளும் நிலைகூட வரும்.

இந்த 500 மில்லி விநாடி பழுதல்ல, தெரிந்தே வைத்தது. பியானோவின் சுத்தி ஒரு சிறு எறிபொருள். ஓங்கி அடித்தால் கட்டை அசையத் தொடங்கியதிலிருந்து சுமார் 25 மில்லி விநாடியில் அது தந்தியைத் தொடும். மிக மென்மையாக அமுக்கினால் அதே பயணத்துக்கு 100 மில்லி விநாடிக்கும் மேல், சில சமயம் 150ஐத் தாண்டியும் ஆகும். மனிதர் வாசிக்கும்போது இது தெரிவதில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகவே மென்மையான சுரத்தைச் சற்று முன்னதாகத் தொடங்கிவிடும். கணினிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ‘இப்போது மெதுவாக’, ‘இப்போது பலமாக’ என்று இரண்டு செய்தியை ஒரே கணத்தில் அனுப்பினால், பலமான சுரம் உடனே கேட்கும், மெதுவானது பத்தில் ஒரு பங்கு விநாடி பிந்தும். வலக்கையின் பாட்டு முன்னே போக, இடக்கையின் மெல்லிய துணைச் சுரங்கள் பின்னே நொண்டி வரும்.

ஆகவே டிஸ்க்ளேவியர் வரும் செய்தியை வாங்கி வைத்துக்கொள்கிறது. அரை விநாடி கையிருப்பு இருப்பதால், மெல்லிய சுரத்தின் சோலினாய்டை முன்னதாகவும் பலமான சுரத்தின் சோலினாய்டைச் சற்றுப் பொறுத்தும் தூண்டி, இரண்டு சுத்தியும் ஒரே நேரத்தில் தந்தியில் விழச் செய்கிறது. எல்லாச் சுரமும் சரியாக 500 மில்லி விநாடி தாமதம், அதனால் தங்களுக்குள் தாமதமே இல்லை. தறியிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. கால் இறங்கும்போது அட்டையைத் தேடுவதில்லை. முந்தைய மிதி விட்ட கணத்திலேயே அடுத்த அட்டை வந்து ஊசிக்கு முன் நிற்கிறது. முன்கூட்டி வந்து நிற்பவனுக்கு அவசரம் இல்லை.

பொறியியலாக இது சிறந்த தீர்வு. குறை என்னவென்றால் இந்தத் தாமத விவரம் அமைப்புப் பட்டியலில் ‘மிடி இன் டிலே’ என்ற ஒற்றை வரியாக ஒளிந்திருக்கிறது. கருவியை முதன்முதலில் கணினியோடு இணைக்கும்போதே திரையில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அரை விநாடியைச் சமாளிக்க இரண்டு வழி. பாட்டு ஏற்கெனவே மென்பொருளில் இருக்கிறது, பியானோ அதை வாசித்தால் போதும் என்றால், தாமதத்தை விட்டுவிட்டுப் பியானோ ட்ராக்கை மட்டும் 500 மில்லி விநாடி முன்னே தள்ள வேண்டும். கியூபேஸ், லாஜிக், ரீப்பர் போன்றவற்றில் ட்ராக் டிலே என்ற இடத்தில் கழித்தல் 500 என்று எழுதலாம். அந்த வசதி இல்லாத மென்பொருளில் பியானோவின் குறிப்புகளை மொத்தமாகப் பிடித்து அரை விநாடி இடப்பக்கம் நகர்த்தலாம். எதைச் செய்தாலும் பாட்டுக்கு முன் இரண்டு ஆவர்த்தம் வெறுமையாக விட்டுவிடுவது நல்லது. பாட்டு பூஜ்யத்திலேயே தொடங்கினால் முதல் சுரத்தை அனுப்பப் பூஜ்யத்துக்கு முந்தைய நேரம் கிடையாது. அது விழுங்கப்படும், அல்லது முதல் நாலைந்து சுரங்கள் குவியலாகக் கொட்டும். இன்னொரு நுணுக்கம், மென்பொருளின் சொந்த ஒலிகளும் ஸ்பீக்கருக்கு வரச் சில மில்லி விநாடி எடுக்கும். எனவே முன்னே தள்ள வேண்டியது நேராக 500 அல்ல, 485, 490 என்று சற்றுக் குறைவாக அமையும். அதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி, இன்னொருவர் வேறு கீபோர்டில் அமர்ந்து வாசிக்க, பியானோ உடனுக்குடன் ஒலிக்க வேண்டும் என்ற நிலைக்கு. அங்கே தாமதத்தை அணைத்தே ஆக வேண்டும், அரை விநாடி பிந்தி வரும் தன் ஒலியைக் கேட்டுக்கொண்டு யாராலும் வாசிக்க முடியாது. அணைத்ததும் பழைய சிக்கல் திரும்பும்: மெல்லிய சுரம் பிந்தும். கைகண்ட உபாயம் ஒன்று உண்டு. செய்தியின் விசை அளவு 1 முதல் 127 வரை இருக்கும். அதன் அடிமட்டத்தை மென்பொருளில் 40, 45 என்று உயர்த்திக் கட்டிவிட்டால், மிக மெதுவாக ஊரும் சுத்திகள் இல்லாமல் போகும். மென்மையின் கடைசி இழையை இழந்து நேரத்தை வாங்குகிறோம். தாலாட்டுக்கு ஆகாது. விறுவிறுப்பான பாட்டுக்குக் குற்றம் தெரியாது.

எதிரொலிச் சுற்று என்று ஒரு பொறி தனியாக இருக்கிறது. பியானோவில் வாசிப்பது கணினிக்குப் போகிறது. பதிவு மென்பொருள், கேட்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அதை அப்படியே வெளியீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. வெளியீடும் அதே பியானோ. விரலை எடுத்து மடியில் வைத்த பிறகு, அரை விநாடி கழித்து அந்தக் கட்டை தானாக இன்னொரு தரம் அமுங்கும். மின்னொலிக் கீபோர்டில் இதே பிழை இரட்டை ஒலியாகக் கேட்கும், தண்ணீர்த் தொட்டிக்குள் வாசிப்பது போல. மருந்து இரண்டு: பியானோ ட்ராக்கில் ‘மானிட்டர்’ அல்லது ‘த்ரூ’ என்பதை அணைப்பது, மின்னொலிக் கருவி என்றால் அதன் ‘லோக்கல் கண்ட்ரோல்’ அமைப்பை அணைப்பது. இரண்டாவதைச் செய்தால் கணினியைப் பிரித்தபின் கருவி ஊமையாகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி மறு திசை. பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்: பியானோவில் வாசிக்க, கணினிக்குள் இருக்கும் மென்பொருள் பியானோவோ வீணையோ ஒலிக்க வேண்டும். இரவில் சுத்தியைத் தந்தியில் படாமல் தடுக்கும் அமைதி முறையில் வைத்து ஹெட்போனில் கேட்பவருக்கும் இதே வழிதான். இங்கே 500 மில்லி விநாடி கிடையாது. உணரி பார்த்தது உடனே கிளம்பும். தாமதம் முழுவதும் கணினியின் ஒலிப் பக்கத்தில் சேர்கிறது, அதில் பெரும் பங்கு பஃபருக்கு.

கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை, வாளி வாளியாக மொண்டு ஊற்றுகிறது. அந்த வாளிதான் பஃபர். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 64 சாம்பிள் வாளி ஒன்றரை மில்லி விநாடி, 128 என்றால் 2.9, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23. வாளி சிறிதானால் தாமதம் குறையும், ஆனால் கணினி அடிக்கடி ஓடி ஓடி நிரப்ப வேண்டும். ஒரு தரம் தவறினால் ‘டப்’ என்ற வெடிப்பு. கனமான பியானோ மென்பொருள் ஒரு சுரத்துக்கே பல ஒலிக்கோப்புகளை எடுப்பதால், 64இல் ஓடும் என்று விளம்பரம் சொல்லும் லேப்டாப் பெடலை அழுத்திப் பிடித்து நாலு சுரக்கூட்டு வைத்ததும் தடுமாறும். நடுத்தர லேப்டாப்புக்கு 128 அல்லது 256 நல்ல இடம்.

மென்பொருள் திரையில் காட்டும் தாமத எண்ணைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அதில் உள்ளே வருவது, வெளியே போவது, இரண்டின் கூட்டு என மூன்று எண் இருக்கும். பாடகரின் மைக்குக்குத்தான் கூட்டு எண் பொருந்தும். மிடியில் ஒலி உள்ளே வருவதே இல்லை, ஆகவே வெளியே போகும் எண் மட்டுமே கணக்கு. கூட்டில் 14 என்று பார்த்துக் கவலைப்பட்டவருக்கு உண்மையில் ஏழுதான். மாறாக, டிரைவர் தன் பாதுகாப்புக்கு ஒளித்து வைத்திருக்கும் கூடுதல் வாளி எந்த எண்ணிலும் தெரியாமலும் போகலாம்.

விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதை வாசிப்புக்கு உதவாது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஆசியோ என்ற நேர்வழி அதற்காகவே பிறந்தது. ஆடியோ இண்டர்ஃபேஸ் வாங்கினால் அதன் தயாரிப்பாளர் தரும் ஆசியோ டிரைவரைப் பயன்படுத்த வேண்டும். இண்டர்ஃபேஸ் இல்லாதவருக்கு ஆசியோ4ஆல் ஒரு தற்காலிகத் துணை. மேக்கில் கோர் ஆடியோ கூடவே வருகிறது. லினக்ஸில் ஜாக் அல்லது பைப்வயர். ப்ளூடூத் விஷயத்தில் ஒரு பிரித்தறிதல் வேண்டும். மிடிச் செய்தியை ப்ளூடூத்தில் அனுப்பலாம், பத்துச் சொச்சம் மில்லி விநாடிதான் கூடும். ஒலியை ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பது கூடவே கூடாது. 100 முதல் 300 மில்லி விநாடி வரை போய்விடும். விலை உயர்ந்த இண்டர்ஃபேஸ் வாங்கிவிட்டு ப்ளூடூத் ஹெட்போன் மாட்டுபவரைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம்? காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுக்கிறது. அறையின் மூலையில் மூன்று மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்தாலே ஒன்பது வந்துவிட்டது. பத்துக்குக் கீழே பெரும்பாலோர் உணர்வதில்லை. இருபதைத் தாண்டினால் கட்டைகள் சேற்றில் அமுங்குவது போலக் கனக்கும். சுத்தியும் தந்தியும் ஒலிக்க, அதன் மேல் மென்பொருள் ஒலியையும் சேர்த்துக் கேட்பவருக்கு அளவுகோல் இன்னும் கடுமை, இரண்டு ஒலியும் அருகருகே நிற்பதால் சிறு விலகலும் இரட்டைத் தட்டாகக் கேட்கும்.

நிலையான தாமதத்தைவிட மோசமானது மாறிக்கொண்டே இருக்கும் தாமதம். நிலையான எட்டு மில்லி விநாடிக்குக் கை பழகிவிடும். ஒரு சுரத்துக்கு மூன்று, அடுத்ததற்குப் பதினாறு என்றால் எந்தக் கையும் பழகாது. நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊடையை இறுக்கும் பன்னையின் அடி எல்லா ஊடைக்கும் ஒரே கனத்தில் லேசாக விழுந்தால் துணி சற்று நெகிழ்வாக இருக்கும், ஆனால் ஒன்றாக இருக்கும். ஒன்று பலமாகவும் ஒன்று லேசாகவும் விழுந்தால் சேலையில் குறுக்கே கோடு ஓடும். இந்தத் தடுமாற்றத்துக்குப் பெரிய காரணம் வைஃபை டிரைவரும் மின் சிக்கன அமைப்பும். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று பெயரோடு காட்டும். மின்சாரம் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் அது தானாகச் சிக்கன முறைக்கு இறங்கும், அதுவரை சுத்தமாக ஓடிய ஒலி உடனே வெடிக்கத் தொடங்கும். பேட்டரியிலும் முழு வேகம் என்று முன்பே அமைத்து வைப்பது கட்டாயம்.

அளப்பதற்குச் செல்போன் போதும். அமைதி முறையில் வைத்து, செல்போனைக் கட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் அருகே வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கி, ஒரே கட்டையைப் பத்துத் தரம் ஓங்கித் தட்ட வேண்டும். கட்டை பலகையில் மோதும் ‘தொப்’ ஒலியும், ஸ்பீக்கரில் வரும் சுரமும் பதிவாகும். கோப்பை ஆடாசிட்டியில் திறந்து பெரிதாக்கினால் முதலில் ஒரு குட்டைக் குவியல், பிறகு ஒரு செங்குத்து ஏற்றம் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ளதுதான் தாமதம். பத்து அளவுக்கும் சராசரி எடுக்கலாம். பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் தடுமாற்றத்தைச் சொல்லும். பியானோ தானாக வாசிக்கும் திசைக்கு மெட்ரோனோம் ஒலியையும் அதே அடியில் விழும் ஒரு சுரத்தையும் சேர்த்துப் பதிந்தால் போதும். பலமான சுரத்துக்கு ஒரு தரம், மெல்லிய சுரத்துக்கு ஒரு தரம். பக்கத்து வீட்டில் தறி ஓடும் பகல் வேளையில் இந்தச் சோதனை நடக்காது. பன்னை அடியும் அலைவடிவத்தில் செங்குத்தாகத்தான் ஏறும், எது எது என்று பிரிக்க முடியாது.

இடத்தின் ஈரமும் கணக்கில் வரும். குழித்தறிக்கு ஈரம் வேண்டும், காற்று காய்ந்தால் பாவு இழை பொறிந்து அறும். ஆனால் அடைமழையில் பாவு நமத்து வேலை நிற்கும். பியானோவின் மரமும் கம்பளியும் அப்படியே. மழைக்காலத்தில் கட்டையின் துளைகளில் ஒட்டிய கம்பளி உப்பிக் கட்டை மந்தமாகும், சோலினாய்டு தள்ளும் அதே விசைக்குச் சுத்தி மெதுவாகப் போகும், கணக்கிட்டு வைத்த அரை விநாடியின் துல்லியம் குலையும். மென்பொருளில் தேடிக் கிடைக்காத தாமதம் சில சமயம் இந்த மரத்தில் இருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருவில் ஸ்டெபிலைசர் இல்லாமல் இதை வைப்பது சரியல்ல. பழுது என்றால் ஆள் வர வேண்டியது ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையிலிருந்து.

நம் சங்கீதத்துக்கு இன்னொரு எல்லை இருக்கிறது. கமகத்துக்காக மென்பொருளில் எழுதும் சுரவளைவுச் செய்தியைப் பியானோ வாங்கும், ஆனால் செய்வதற்கு வழியில்லை. பியானோவின் தந்தியில் சுரம் நின்ற இடத்தில்தான் நிற்கும். தோடியை அனுப்பினால் நேர்கோடாக வெட்டிய கோலம் வரும். மென்பொருள் வீணைக்கு அந்த வளைவும், பியானோவுக்குத் தாளத்தோடு விழும் துணைச் சுரங்களும் என்று பங்கிட்டால் இரண்டும் நன்றாக இணைகின்றன. அங்கேதான் முன்சொன்ன 485-490 கணக்கு உழைப்புக்குக் கூலி தரும்.

பல லட்சம் விலையுள்ள இந்தக் கருவியை வீட்டுக்கு வாங்கச் சொல்வதற்கில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் இசைப் பள்ளிக்கும் தகும். தொலைவில் இருக்கும் ஆசிரியர் வாசிப்பதை மாணவர் எதிரே கட்டைகள் அமுங்கக் காண்பது வேறு எந்தக் கருவியிலும் கிடைக்காத பாடம். வீட்டில் பழகுபவருக்கு, எடையுள்ள 88 கட்டையும் யுஎஸ்பி வாயும் கொண்ட சாதாரண டிஜிட்டல் பியானோ, ஓர் இண்டர்ஃபேஸ், கம்பி உள்ள ஹெட்போன், 128 பஃபர் ஆகியவை போதும். கைத்தறிக்கும் இப்போது அட்டை மாலைக்குப் பதிலாகப் பென்டிரைவில் டிசைன் வாங்கும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கிறது. அதற்குள் இருப்பதும் மின்காந்தம்தான். அதில் டிலே என்ற அமைப்பைத் தேட வேண்டாம், கால் இறங்கும்வரை அது காத்திருக்கும்.

டிஸ்க்ளேவியரை இயக்குபவர் கடைசியாகச் செய்ய வேண்டியது, அளந்து கண்ட எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பியானோவின் பக்கவாட்டில் ஒட்டுவது: டிலே இயங்குகிறதா, எத்தனை மில்லி விநாடி முன்தள்ளல், எந்தச் சேனல், எந்த பஃபர். மென்பொருள் புதுப்பித்தாலோ வேறு லேப்டாப் வந்தாலோ முன்தள்ளலை மட்டும் மறுபடி அளந்து அந்தச் சீட்டில் திருத்தினால் போதும்.